எட்டு வெற்றுச் சீட்டுகள்

கிருஷ்ணப்பா நீட்டிய தாளைச் சங்கமித்ரா மூன்று முறை படித்தாள். மூன்று முறையும் அதில் ஒரே செய்திதான் இருந்தது. சோதனைப் பகுதியில் துளைத்து எடுத்த நான்கு தார் உருளைகளும், அதாவது கோர்களும், ஜாயின்டில் இரண்டாகப் பிளந்துவிட்டன. சாதாரணப் பகுதியில் எடுத்த நான்கும் முழுசாக இருக்கின்றன. ஆகவே புதிய முறை தேறவில்லை, அடுத்த வருட வேலைகளுக்கு அதைச் சிபாரிசு செய்வதற்கில்லை.

"இது எப்டி சார்? சோதனைப் பகுதியில மொத ரெண்டு கோர் வெளிய வந்தப்ப நான் அங்கயேதான் இருந்தேன். முழுசா வந்துச்சு சார். கையில வாங்கிக் கழுவிப் பாத்தேன்."

"ஏனு மாடோது மா, என்ன பண்றது?" என்றார் கிருஷ்ணப்பா. சாலைப் பிரிவின் உதவிப் பொறியாளர் அவர். கன்னடக்காரர். முப்பது வருடம் தமிழ் ஆட்களை வைத்து வேலை வாங்கியதில் தமிழும் கன்னடமும் அவர் வாயில் ஒரே குடித்தனமாகிவிட்டன. "ரிப்போர்ட் இப்படித்தான் வந்திருக்கு. சீட்டுல உன் சைன் இருக்கு, அந்த இன்ஸ்பெக்ஷன் பொண்ணு சைன் இருக்கு. நான் என்ன சொல்றது?"

அவள் ஆறு மாதம் காத்திருந்தது இந்த ஒரு தாளுக்காகத்தான்.

தார் ரோட்டின் ஜாயின்ட் யார் கண்ணிலும் படாத சமாச்சாரம். அகலமான ரோட்டை ஒரே மூச்சில் போட்டுவிட முடியாது. இன்று ஒரு பாதி, நாளை மறு பாதி. இன்று போட்ட பாதியின் ஓரத்தை ரோலர் என்ன அழுத்தினாலும் அது இறுகாது. அந்தப் பக்கம் முட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை, ஜல்லி நழுவிவிடும். மறுநாள் அந்த ஆறிப்போன பொலபொலத்த ஓரத்தோடு சூடான கலவையைச் சேர்த்து உருட்டினால், மேலுக்கு ஒட்டினது போலத்தான் தெரியும். படம் எடுத்து அனுப்பலாம், பில் போடலாம். முதல் மழையில் தண்ணீர் அந்தக் கோட்டில் இறங்கும். இரண்டாம் மழையில் ஜல்லி கழலும். அப்புறம் ரோட்டின் நடுவே நீளமாக ஒரு வாய் திறக்கும். பெங்களூரில் குழியைத் திட்டாத மனிதன் இல்லை. குழி பிறக்கிற இடம் இந்தக் கோடு என்று திட்டுகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

சங்கமித்ராவுக்கு அது உடம்பில் பட்டுத் தெரியும். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில் பிரபா ஸ்கூட்டர் ஓட்ட, அவள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். இருவருக்கும் ஜீவனஹள்ளியில் ஒரே தெரு. ஒரே பள்ளிக்கூடம், ஒரே பாலிடெக்னிக், ஞாயிற்றுக்கிழமையானால் ஒரே புத்த விகார். அன்று முன்னால் ஒரு டெம்போ ஊர்ந்துகொண்டிருந்தது. "அந்த கேப்ல போயிடு டீ, பஞ்ச் பண்ண லேட் ஆவுது" என்று பின்னாலிருந்து அவசரப்படுத்தியவள் சங்கமித்ராதான். பிரபா வண்டியைத் திருப்பினாள். முன் சக்கரம் திறந்திருந்த ஜாயின்டில் போய் உட்கார்ந்துகொண்டது. சங்கமித்ராவுக்கு முழங்கையில் சிராய்ப்பு. பிரபாவின் வலது காலில் முழங்காலுக்குக் கீழே இன்றைக்கும் ஒரு கம்பி இருக்கிறது.

அதற்குப் பிறகும் பிரபா ஸ்கூட்டர் ஓட்டுகிறாள், ஆனால் ஜாயின்டைத் தாண்டமாட்டாள். இடது ஓரமாக, முன்னால் எருமை போனாலும் அதன் பின்னாலேயே போவாள். ஹாரன் அடிக்கிறவர்களைக் காதில் போட்டுக்கொள்ளமாட்டாள். "உன் தப்பு இல்ல டீ, ரோட்டோட தப்பு" என்று மட்டும் சங்கமித்ராவிடம் அடிக்கடி சொல்வாள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் சங்கமித்ரா நான்கு வருடத்தைத் தள்ளினாள். ரோட்டோட தப்பு என்றால் ரோட்டைத் திருத்த வேண்டியதுதானே?

அவள் வேலை பார்ப்பது பீன்யாவில், ஒரு ரோடு காண்ட்ராக்டரின் கலவை பிளாண்டில். லேப் டெக்னீஷியன். அவள் கேட்டது பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. முதல் நாள் போட்ட பாதியின் பொலபொலத்த ஓரத்தை நாலு அங்குலம் வெட்டி எறிய வேண்டும். வெட்டின முகத்தில் சூடான தாரைப் பூச வேண்டும். பிறகு மறு பாதியை அதன்மேல் ஒரு அங்குலம் ஏறும்படி போட்டு, ரோலரால் இறுக்க வேண்டும். புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது. ரோட்டில்தான் இல்லை.

"நல்ல கலவைய வெட்டிக் குப்பையில போடணும்ங்கற. ஒரு நாளைக்கு எத்தன மீட்டர் கம்மி ஆகும் தெரியுமா மேன்?" என்றார் பிராஜெக்ட் மேனேஜர் க்ளென். ஆண், பெண், ரோலர் எல்லாமே அவருக்கு 'மேன்'தான். அவள் அவரை விட்டுவிட்டு கிருஷ்ணப்பாவைப் பிடித்தாள். அவர் யோசித்து, பீன்யா போகிற ஒரு ரோட்டில் இருநூறு மீட்டர் ஒதுக்கினார். பஸ் ஸ்டாப் வரைக்கும் சாதாரண ஜாயின்ட், பஸ் ஸ்டாப்பிலிருந்து பூங்கா வரை அவளுடைய ஜாயின்ட். மே மாதம் போட்டு, மழைக்காலம் முழுக்க நனையவிட்டு, நவம்பரில் துளைத்துப் பார்ப்பது. தேறினால் அடுத்த டெண்டரில், நாற்பது கிலோமீட்டருக்கும், ஜாயின்டை வெட்டிப் பூசியே ஆக வேண்டும் என்று நிபந்தனை போடுவதாகச் சொன்னார். க்ளென் தலையாட்டிவிட்டுப் போனார்.

துளைத்த நாளில் இன்ஸ்பெக்ஷன் ஏஜென்சியின் சார்பில் வந்தவள் பிரபா. அவளே வந்ததில் சங்கமித்ராவுக்கு ஒரே குஷி. துளைக்கிற மெஷினுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கறுப்புச் சகதி முழங்கை வரை தெறிக்கும். அந்தக் கையோடு கோர்மேல் ஒட்டும் சீட்டில் கையெழுத்துப் போட்டால் சீட்டும் போச்சு, பேனாவும் போச்சு. அதனால் எந்த சைட்டிலும் ஒரு பழக்கம் உண்டு. மெஷின் ஆரம்பிக்கும் முன்பே, கை காய்ந்திருக்கும்போதே, இரண்டு தரப்பும் எல்லாச் சீட்டிலும் கையெழுத்துப் போட்டு ஒரு பிளாஸ்டிக் கவரில் வைத்துவிடுவார்கள். கோர் வந்த பிறகு எந்த இடம் என்பதை மட்டும் எழுதி ஒட்டுவது. தப்புத்தான். எல்லாருக்கும் தெரிந்த தப்பு, யாரும் பேசாத தப்பு.

இருவரும் நடைபாதைக் கல்லில் உட்கார்ந்து, பிரபாவின் டிபன் பாக்ஸ் மூடியை மேஜையாக்கி, எட்டுச் சீட்டில் கையெழுத்துப் போட்டார்கள். "கல்யாண ரிஜிஸ்டர்ல போடறாப்ல போடற பாரு" என்று பிரபா கேலி செய்தாள். சோதனைப் பகுதியில் முதல் இரண்டு கோர் வந்தது. மெஷின்காரன் நாகேஷ் அதைக் கழுவிக் கையில் கொடுத்தான். உருளையின் குறுக்கே மேலிருந்து கீழ் வரை நூல் போல ஒரு கறுப்புக் கோடு, பளபளவென்று. அவள் பூசிய தார். இரண்டு பாதிகளும் அந்தக் கோட்டில் இறுகிக் கிடந்தன. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரத்தில்தான் க்ளென் போன் செய்தார், பிளாண்டில் கலவை சூடு ஏறவில்லை, உடனே வா என்று. சீட்டுக் கவரைப் பிரபாவின் கையில் கொடுத்துவிட்டு அவள் ஆட்டோ பிடித்தாள். பிளாண்டில் சூடு சரியாகத்தான் இருந்தது. "இப்பதான் சரியாச்சு" என்றான் ஆபரேட்டர்.

இப்போது கையில் இருந்த தாளை மேஜையில் வைத்துவிட்டு, "சார், கோர நான் பாக்கலாமா?" என்றாள்.

கிருஷ்ணப்பா சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். பின்கட்டு அறையில் எட்டும் வரிசையாக இருந்தன. 'சோதனைப் பகுதி' என்று சீட்டு ஒட்டிய நான்கும் இரண்டிரண்டு துண்டு. ஒன்றை எடுத்து உடைந்த முகத்தைப் பார்த்தாள். வெறும் ஜல்லி, மண், காய்ந்த அழுக்கு. பூசின தாரின் அடையாளமே இல்லை. 'சாதாரணப் பகுதி' என்ற சீட்டோடு முழுசாக இருந்த ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். குறுக்கே கறுப்புக் கோடு.

"சீட்டு மாறிப்போச்சு சார்! இத பாருங்க, இதுதான் நான் பூசினது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நான்கையும் பார்த்தார். "நனகே கொத்தாய்த்து மா, புரிஞ்சுது. என் கண்ணுக்குத் தெரியுது. ஆனா ஃபைலுக்குக் கண்ணு இல்ல. சீட்டு சொல்றதுதான் ஃபைலுக்குத் தெரியும், அதுல உன் சைன் இருக்கு. சீட்டு எப்படி மாறிச்சுன்னு சைன் போட்டவங்க எழுதிக் கொடுக்கணும். ரெண்டு பேரும் 'மிஸ்டேக் ஆயிடுச்சு'ன்னு எழுதினா நான் மறுபடி துளைக்க ஆர்டர் போடறேன், விஷயம் அங்கயே முடியும். நீ ஒருத்தி மட்டும்னா, வெறும் சீட்டுல சைன் போட்டேன்னு நீ ஒத்துக்கணும். அப்புறம் எந்த லேப்ல உனக்கு வேலை கொடுப்பாங்க? திங்கக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல ரிப்போர்ட் போயிடும்."

அவளுக்கு மனம் லேசாகிவிட்டது. பிரபாதான் எழுதி ஒட்டினாள், அவசரத்தில் மாற்றி ஒட்டிவிட்டாள். இரண்டு வரி எழுதினால் தீர்ந்தது. பாவம், கால் வலியோடு தனியாக நின்று எட்டையும் பார்த்திருப்பாள், நான்தான் பாதியில் விட்டுவிட்டு ஓடினேன் என்று தன்னையே நொந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடிதத்தை எழுதிக்கொண்டு பிரபாவின் வீட்டுக்குப் போனாள். பிரபா கட்டிலில் காலை நீட்டி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். சங்கமித்ரா பக்கத்தில் உட்கார்ந்து, யாரும் சொல்லாமலே, தானாகவே எண்ணெய்க் கிண்ணத்தை வாங்கி, தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"அவசரத்துல சீட்டு மாறிடுச்சுன்னு எழுதியிருக்கேன். கீழ ஒரு சைன் போடு, போதும். யாருக்கும் ஒண்ணும் ஆவாது."

பிரபா கடிதத்தைத் தொடவில்லை. "மாறல மித்ரா" என்றாள்.

"இன்னாது?"

"தானா மாறல. நான்தான் மாத்தினேன்."

சங்கமித்ராவின் கை அந்தக் காலின் மேலேயே நின்றுவிட்டது. உள்ளே இருக்கும் கம்பி விரலுக்குத் தட்டுப்பட்டது. ஏதோ விளையாட்டு என்று நினைத்து அவள் முகத்தைப் பார்த்தாள். அங்கே விளையாட்டு இல்லை.

"க்ளென் சார் கேட்டாரு. நாளைக்கு ஒண்ணாந்தேதியிலேர்ந்து உங்க பீன்யா லேப்புக்கு நான் இன்சார்ஜ். உக்காந்து பாக்கற வேலை டீ. இந்தக் கால வெச்சினு இன்னும் எத்தன வருசம் வெயில்ல ரோட்டுல நிக்கறது? ராத்திரியானா குடையுது. உனக்கு எங்க தெரியும்?"

"அன்னிக்கு போன் வந்துச்சே, பிளாண்ட்ல சூடு ஏறலன்னு..."

"நான்தான் பண்ணச் சொன்னேன். உன் எதிர்ல என்னால எழுத முடியல."

உன் எதிரில் முடியவில்லையாம். என்ன ஒரு தாட்சண்யம்! சங்கமித்ராவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"உன் காலுக்காகத்தானே டீ நான் இவ்ளோ அலைஞ்சேன்! க்ளென் கிட்ட வசவு வாங்கினேன், லீவு போட்டு தார் பூசினேன். உனக்காகத்தானே?"

"எனக்காகன்னு நான் கேட்டனா?" பிரபாவின் குரலும் ஏறியது. "உன் மனசு ஆறணும், அதுக்கு அலைஞ்ச. அந்த கேப்ல போ, போன்னு பின்னாடியிருந்து பிராணன வாங்கினது யாரு? நீதானே?"

நான்கு வருடமாக 'உன் தப்பு இல்ல டீ' என்று சொன்ன வாய் அது. சீட்டு மாற்றினதைக்கூட அவளால் தாங்கிக்கொள்ள முடிந்திருக்கும். இதை முடியவில்லை. இத்தனை காலம் உள்ளுக்குள் கணக்கு வேறாகவும் வெளியே பேச்சு வேறாகவும் வைத்திருந்தவளிடம், வாரா வாரம் வந்து உட்கார்ந்து கால் பிடித்துவிட்டிருக்கிறாள். இவள் முன்னால் அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

"நான் போய் சொல்லிடுவேன் பிரபா."

"சொல்ல மாட்ட." பிரபா இப்போது நிதானமாகவே பேசினாள். கொஞ்சம் பரிவுகூட அதில் இருந்தது, அதுதான் கொடுமை. "சொன்னா வெறும் சீட்டுல சைன் போட்டேன்னு சொல்லணும். மொதல்ல போறது உன் வேலை. உங்கம்மா மாத்திரைக்கு என்னா பண்ணுவ? உன்ன எனக்குத் தெரியாதா? பேசாம இரு. நான்தான் இன்சார்ஜ், உன்ன நல்லா பாத்துக்கறேன்."

சங்கமித்ரா கடிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தெருவில் யாரோ நலம் விசாரித்தார்கள், என்ன பதில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. அன்று முழுக்க அம்மாவிடம் தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கிடந்தாள். பிரபா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, அதுதான் அவளைக் குடைந்தது. அம்மாவின் மாத்திரை, வாடகை, முப்பத்திரண்டு வயதில் வேறு எந்த லேப் தன்னை எடுக்கும் என்பது எல்லாம் நிஜம். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் அவள் கிட்டத்தட்ட முடிவு செய்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை வழக்கமான பஸ்ஸில் பிளாண்டுக்குப் புறப்பட்டவள், என்னவோ தோன்றி அந்த பஸ் ஸ்டாப்பிலேயே இறங்கினாள். துளைத்து அடைத்த வட்டங்கள் ரோட்டில் புதுக் கறுப்பாகத் தெரிந்தன. சாதாரணப் பகுதியில் ஜாயின்ட் இன்னும் வாய் திறக்கவில்லை. மயிரிழை போல ஒரு கோடு மட்டும் ஓடியது. தெரியாதவர்களுக்கு அதுவும் தெரியாது. ஸ்டாப்புக்கு இந்தப் பக்கம் அவளுடைய பகுதியில் அதுகூட இல்லை.

அப்போதுதான் பிரபாவின் ஸ்கூட்டர் வந்தது. புதுச் சுடிதார், முதுகில் புதுப் பை. இன்சார்ஜ் வேலைக்கு முதல் நாள். சாதாரணப் பகுதியில் ஒரு தண்ணீர் லாரியின் பின்னால், இடது ஓரமாக ஒட்டிக்கொண்டு, ஒற்றைக் காலைத் தரையில் உரசியபடி வந்தாள். பின்னால் பத்து வண்டிகள் ஹாரன் அடித்தன. அவள் அசையவில்லை.

பஸ் ஸ்டாப் வந்தது. பிரபா இண்டிகேட்டரைப் போட்டாள். காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டாள். வண்டியைச் சாய்த்து, ரோட்டின் நடுவே, ஜாயின்டின் மேலேயே ஏறி, லாரியைத் தாண்டி, பூங்கா வரைக்கும் அந்தக் கோட்டின் மேலேயே சல்லென்று போனாள். பூங்கா முடிந்ததும் மறுபடி ஓரத்துக்கு ஒதுங்கி நத்தையாகிவிட்டாள். சங்கமித்ரா நின்றதை அவள் பார்க்கவில்லை.

சங்கமித்ராவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. நான்கு வருடத்தில் பிரபா நம்பி ஏறின ஒரே ஜாயின்ட் இதுதான். நம்பி ஏறிக்கொண்டே அதைக் கொன்றிருக்கிறாள். எதிர்ப்பக்கம் போய் வேறு பஸ் பிடித்து, நேராக கிருஷ்ணப்பாவின் ஆபீஸுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை எழுதின கடிதத்தைக் கிழித்துவிட்டு, அங்கேயே ஒரு வெள்ளைத் தாள் வாங்கி எழுதினாள். எட்டு வெற்றுச் சீட்டுகளில் நான் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டேன். அது என் தவறு. கோர்களை மூட்டை கட்டியபோது நான் அங்கே இல்லை. இடங்களை எழுதி ஒட்டியது பிரபா, தெரிந்தே மாற்றியதாக என்னிடம் சொன்னாள். பிரபா என்ற பெயரில் வந்து பேனா நின்றுவிடும் என்று பயந்திருந்தாள். நிற்கவில்லை. அதில் அவளுக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

கிருஷ்ணப்பா படித்துவிட்டு நிமிர்ந்தார். "க்ளென் உன்ன இன்னிக்கே அனுப்பிடுவான் மா."

"தெரியும் சார்."

"மறுபடி துளைக்கறேன், நானே நின்னு துளைக்கறேன். ஆனா நான் ஆர்டர் போடறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு 'நான் மாத்தல, இவ பொய் சொல்றா'ன்னு சொன்னா? நீங்க ரெண்டு பேரும் ஃப்ரெண்ட்ஸ் அல்லவா? எதை வெச்சு நான் உன்ன நம்பறது?"

"என்ன நம்ப வேணா சார்" என்றாள் சங்கமித்ரா. "நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு அந்த பஸ் ஸ்டாப்ல வந்து நில்லுங்க. ஜாயின்ட் மேல ஏத்தினதுல கால் ஒடஞ்சவ அவ. அவ எங்க ஓரமா போறா, எங்க ஜாயின்ட் மேலயே போறான்னு பாத்துட்டு, அப்புறமா ஆர்டர் போடுங்க."